என் மகனின் பம்பும் முருங்கைக் கீரையும்

என் மகனுக்கு நாடி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டால் பார்க்க வருகிறவர்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு என் வரவேற்பறையிலேயே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அவனுடைய இதயத்தின் இடது அறையில் ஒரு பம்பு பொருத்தியிருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும். அதற்குள் ஒரு சுழலி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதயம் செய்வதுபோல் அது ரத்தத்தை விட்டுவிட்டுத் தள்ளுவதில்லை. குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் வருகிறதே, அப்படி ஒரே சீராக ஓடவிடுகிறது. அடிப்பே இல்லாத ஓட்டத்தில் நாடி எங்கிருந்து வரும்? வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு வயர் வெளியே வந்து, இடுப்பில் தொங்கும் சின்னப் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்குத் தோள்பையில் இரண்டு பேட்டரிகள். அவன் நெஞ்சில் காதை வைத்தால் பழைய குளிர்பெட்டி ஓடுகிற சத்தம்தான் கேட்கும்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் கணக்குப் பார்க்கும் கிராணியாக இருந்தவன். விடியலில் வேலைக்கு வரிசை கூடும் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணினேன், வெயில் ஏறியதும் பால் வாளி எண்ணினேன், மரம் எண்ணினேன், வராதவர்களை எண்ணினேன். ஓய்வு பெற்றபின் அது தொழிலாக இல்லை, நோயாகிவிட்டது. என் மனைவி ஒரு நாளைக்கு எத்தனை முறை பெருமூச்சு விடுகிறாள் என்பதுகூட எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த மகனின் மணிக்கட்டில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. இதைவிடப் பொருத்தமான தண்டனையை என்னிடம் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

பம்பு நிரந்தரம் இல்லை என்றுதான் சொன்னார்கள். கோலாலம்பூரில் மாற்று இதயத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் அவன் பெயர் இருந்தது. எங்கேயோ ஒருவர் சாக வேண்டும், அவருடைய இதயம் இவனுக்குப் பொருந்த வேண்டும், போன் வர வேண்டும். வந்தால் எங்கள் ஊர் செர்டாங்கிலிருந்து உடனே கிளம்ப வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் வாழ்க்கையில் வேறு வேலையே இல்லை. அந்த வரிசையில் அவன் பெயர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம், மருமகள் தன் சாமான்களோடு அலோர் ஸ்டாரில் உள்ள அவள் அண்ணன் வீட்டுக்குப் போனது உட்பட, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தோம்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. அவன் நாற்பதைத் தொடப்போகிறவன், கூலிம் தொழிற்சாலையில் எந்திரம் பழுதுபார்த்தவன். நோய் முற்றியபோது குளியலறைக்குப் போய்வருவதற்குள் நாக்குத் தள்ளியவன், பம்பு வைத்தபின் கோப்பிக்கடைக்கு நடந்து போய் ஒரு தட்டு மீ வாங்கித் தின்றான். சதை போட்டான். பண்டார் பாரு ஆற்றில் நீந்தி வளர்ந்தவன் இனித் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது மட்டும்தான் அவனுக்குக் குறை. வயர் வெளியே வரும் இடத்தில் நனைந்தால் சீழ் பிடிக்கும். என் மனைவி அந்த இடத்தைத் தினமும் துடைத்து மருந்து போட்டுக் கட்டுவாள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அவள் அதைச் செய்கிற அழகைப் பார்த்தால் அறுவைசிகிச்சை நிபுணர்கள் எழுந்து நிற்பார்கள். வாயை மூடியிருப்பதால் அந்தக் கால்மணி நேரம் வீட்டில் அமைதியும் இருக்கும்.

அப்போதுதான் எங்கள் பழைய தோட்டத்து அம்மாள் ஒருத்தி அவனைப் பார்க்க வந்தாள். பால் மரம் சீவியவள். தோட்டத்தை விற்று எண்ணெய்ப்பனை நட்டபிறகும் அந்த லயத்து வரிசை வீடுகளில் ஐந்தாறு குடும்பங்கள் போகாமல் இருக்கின்றன, அவளும் அதில் ஒருத்தி. மகன் சோபாவில் கண்ணயர்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாஞ்சையாக அவன் கையை எடுத்தாள். மணிக்கட்டை ஒரு பக்கம் அழுத்தினாள், மறு பக்கம் அழுத்தினாள்.

"ஐயோ, கிராணி ஐயா! நாடியே பேசலையே! புள்ள போயிட்டானே!"

மகன் கண்ணைத் திறந்தான். "பெரியம்மா, நான் போயி ஒரு வருஷம் ஆச்சு. நாத்தம் வரலன்னு அப்பா இன்னும் வீட்டிலேயே வச்சிருக்காரு லா."

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். என் மனைவி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் எனக்குத் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை.

இரண்டாம் வருடம் அவன் வெளுக்கத் தொடங்கினான். மலம் தார் போலக் கறுத்துப் போனது. குடலுக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். கோலாலம்பூர் மருத்துவமனையில் அவனைக் கவனித்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். என் மகனைவிட வயதில் சின்னவள். எனக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று அவள் பட்ட சிரமம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"உடம்பு துடிப்புக்குப் பழகினது, அங்கிள். துடிப்பே இல்லாம ரத்தம் ஓடிக்கிட்டே இருந்தா குடல் சுவர்ல தேவையில்லாத மெல்லிய ரத்தக்குழாய்ங்க மொளைக்குது. சட்டுனு கிழியும். ரத்தத்தை உறைய வைக்கிற ஒரு புரதம் இருக்கு, நீளமா நூல் மாதிரி. பம்பு சுத்தற வேகத்துல அது அறுந்து போகுது. அதுக்கு மேல, பம்புக்குள்ள ரத்தம் கட்டிக்கக் கூடாதுன்னு நாங்க வார்ஃபரின் மாத்திரை வேற குடுக்கிறோம்."

"அதாவது ஓட்டையும் நீங்களே போட்டீங்க, அடைக்கிற பிசினையும் நீங்களே புடுங்கிட்டீங்க."

"பம்பு இல்லன்னா போன வருஷமே இவருக்குக் கருமாதி பண்ணியிருப்பீங்க, அங்கிள்."

அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு அவளைப் பிடித்துப் போனது.

அவளிடமிருந்துதான் மற்றதையும் தெரிந்துகொண்டேன். ரத்தம் எல்லாவற்றையும் பம்பே தள்ளிவிடுவதால், இதயத்திலிருந்து வெளியேறும் பெரிய குழாயின் வாசலில் உள்ள வால்வுக்குத் திறக்க வேலை இல்லை. வேலை இல்லாமல் அதன் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கி, நடுவில் ஒழுகவும் செய்தது. அடி வாங்காத ரத்தக்குழாய்களின் சுவர்கள் விறைத்துப் போகின்றன. இடது பக்கத்துக்குத்தான் பம்பு. வலது பக்கத்து இதயம் துணையில்லாமல் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது, கால் வீங்குகிறது. பம்பு ஒவ்வொரு நாளும் அவனைக் காப்பாற்றிக்கொண்டே ஒவ்வொரு நாளும் அவனைக் கெடுத்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் இப்படிப்பட்ட மேலாளர்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

முதல் கசிவின்போது மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள். ஐந்து மாதம் கழித்து மறுபடியும் கசிந்தது, மறுபடியும் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எடுத்த பரிசோதனையை வைத்துக்கொண்டு டாக்டர் எங்களை உட்காரச் சொன்னாள்.

"மத்தவங்க ரத்தம் ஏத்த ஏத்த, இவரு உடம்பு மத்தவங்களை எதிர்க்கக் கத்துக்குது. எதிர்ப்புப் பொருள் கூடிக்கிட்டே போகுது. நாளைக்கு ஒரு இதயம் வந்தாலும் இவரு ரத்தம் அதைத் தாக்கும். பம்பு வச்சதே ஒரு காரணம், ரத்தம் ஏத்தினது இன்னொரு காரணம். இன்னும் ரெண்டு மூணு தடவை ஏத்தினா இவருக்குப் பொருந்துற இதயம் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்."

"வரிசையில பேரு இருக்கும்தானே?" என்றாள் என் மனைவி.

"இருக்கும், ஆன்ட்டி. ஆனா கூப்பிட மாட்டாங்க."

இனி உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் ரத்தம் ஏற்றுவது என்று முடிவாயிற்று. அதற்கும் எங்கள் பக்கத்து மருத்துவமனை கோலாலம்பூரைக் கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மற்றபடி இரும்புச்சத்து ஊசி, பொறுமை, அவனுடைய சொந்த எலும்புக்குள் ஊறுகிற ரத்தம். கசிவு நிற்க வார்ஃபரின் அளவையும் கொஞ்சம் குறைத்தார்கள். குறைத்தால் பம்பில் கட்டும், கூட்டினால் குடலில் ஒழுகும். கயிற்றின் மேல் நடக்கிறவன்கூடச் சில அடிகளுக்குப் பிறகு மறுபக்கம் இறங்கிவிடுவான்.

மூன்றாம் வருடம் மறுபடியும் கசிந்தது. இந்த முறை ரத்தம் ஏற்றவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஹீமோகுளோபின் ஏழுக்குச் சற்று மேலே நின்றது. அவன் உதடு தாளின் நிறத்தில் இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினான்.

இங்கேதான் எங்கள் ஜனங்கள் உள்ளே வந்தார்கள்.

உணவு ஆலோசனை சொன்ன மலாய்ப் பெண் என் மனைவியிடம் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தாள். பாயாம், சாவி, காங்கோங், இந்தப் பச்சைக் கீரைகளின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது, வார்ஃபரின் வேலை செய்யாது என்று. என் மனைவி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பாசாரில் விற்கும் கீரை எதையுமே வீட்டுக்குள் விடவில்லை. ஆனால் முருங்கை பாசாரில் விற்கிற பொருளா? லயத்து வீடுகளின் பின்னால் சும்மா நிற்கும் மரம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்குக் கொடுப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது கீரைக் கணக்கில் வராது, மருந்துக் கணக்கில் வரும். ரத்தம் ஊற வேண்டும் என்றால் முருங்கை. இதை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லவே தேவையில்லை.

நாடி பார்த்துக் கத்தினாளே, அந்த அம்மாள்தான் முதல் கீரைக்கட்டைக் கொண்டுவந்தாள். பிறகு லயமே கொண்டுவந்தது. மோட்டார்சைக்கிளின் கூடையில் முருங்கை, வேலியில் தொங்கும் பிளாஸ்டிக் பையில் முருங்கை. நான் பெரட்டுக்கு லேட்டாக வந்தார்கள் என்று திருப்பி அனுப்பியவர்களின் பிள்ளைகள் எல்லாம் என் மகனுக்குக் கீரை கொண்டுவந்தார்கள். என் மனைவி துவட்டினாள், சூப் வைத்தாள், அடையில் போட்டாள். காலையும் மாலையும்.

"என்னைய ஆடு மாதிரி வளக்குறீங்க" என்றான் மகன். "ஹாரி ராயா ஹஜி குர்பானிக்கு வெட்டவா?"

"வாயைக் கழுவு. தின்னு" என்றாள் அவள்.

"ப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க. எனக்குக் கொம்பு மொளைக்குது."

"எத்தனைன்னு எண்ணிச் சொல்றேன், தின்னு" என்றேன் நான்.

இரண்டு வாரத்தில், கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்தபோது, ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டியிருந்தது. மூன்றாவது வாரம் ஒன்பதுக்குப் பக்கத்தில். நான் அந்த எண்ணைக் கோப்பிக்கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். வேறு ஒருவர் ரத்தமும் ஒரு சொட்டுக்கூட ஏறாமல், அவன் பெயர் வரிசையில் சேதமில்லாமல், சொந்த ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. என் மனைவி அந்த நாட்களில் பெருமூச்சு விடுவதைக் குறைத்திருந்தாள். வார்ஃபரின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக்கு மாதம் ஒரு முறைதான் தேதி. அந்த மாதத் தேதி தீபாவளி விடுமுறையில் விழுந்ததால் பத்து நாள் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

இடுப்புப் பெட்டியில் சில எண்கள் தெரியும். பம்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது அதில் ஒன்று. அது மாறாது, மாறக் கூடாது. ஒரு நாள் அது கூடியிருந்தது. மறுநாள் இன்னும் கூடியிருந்தது.

"எண்ணு ஏறுதுடா" என்றேன்.

"எல்லா எண்ணும் ஏறுது, உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

"ஒண்ணுக்கு எந்த நிறத்துல போவுது?"

அவன் முறைத்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கோப்பி கணக்கா" என்றான்.

பம்புக்குள் ரத்தம் கட்டத் தொடங்கினால், சுழலியில் அரைபட்டு நொறுங்குகிற ரத்தம் சிறுநீரில் அப்படித்தான் இறங்கும் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போது அது தெரியாது. ஆனால் கூடக் கூடாத ஒரு எண் கூடினால் யாருக்காவது சொல்ல வேண்டும் என்பது தெரியும். கோலாலம்பூருக்குப் போன் செய்தேன். பம்பு நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் மிஸ்ஸி, உடனே பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள், நானும் அவர்களிடம் பேசுகிறேன் என்றாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகன் மேசையில் பசியாறிக்கொண்டிருந்தான். கரண்டியை எடுத்தான், அது கையிலிருந்து நழுவியது. குனிந்து பார்த்தான். மறுபடியும் எடுக்க முயன்றான், வலது கை வரவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். சொன்னது வார்த்தையாக இல்லை. முகத்தின் ஒரு பக்கம் மெழுகு போல இறங்கியது. தட்டில் இருந்தது முருங்கை அடை.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பம்பிலிருந்து ஒரு கட்டி கிளம்பிப் போய் அவன் மூளையில் உட்கார்ந்துகொண்டது. பம்புக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

பக்கத்து மருத்துவமனையிலிருந்து கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள். கட்டியைக் கரைக்க மருந்தை வேகமாக ஏற்றவும் முடியாது, மூளைக்குள் ஒழுகிவிடும். மெல்ல மெல்லச் செய்தார்கள். பம்பு ஒருவழியாகச் சீரானது. அவன் சீராகவில்லை. அந்த டாக்டர் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். வார்ஃபரினின் வேலை பாதிக்கும் கீழே விழுந்திருந்தது, மாத்திரையை விட்டுவிட்டாரா என்று கேட்டாள். இல்லை, நானே எண்ணிக் கொடுத்தேன் என்றேன்.

"வீட்டுல சாப்பாடு ஏதாவது மாத்தினீங்களா?"

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்வதற்கு நல்லதாக ஒன்றாவது இருக்கிறதே என்ற முகம்.

"முருங்கைக் கீரை டாக்டர். தினம் ரெண்டு வேளை. ரத்தம் ஊறணும்ல? ஊறுச்சு, அவரைக் கேளுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள். வார்ஃபரினை எதிர்க்கிற சத்து முருங்கை இலையில் நிறையவே இருக்கிறது என்றாள்.

"அப்ப ரத்தம் ஊறினது?"

"அது நாங்க போட்ட இரும்பு ஊசி, ஆன்ட்டி."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் இளம் பெண், உண்மையைச் சொல்ல வேண்டும் என்று படித்து வந்தவள். என் மனைவிக்கு அந்தக் கீரையிலிருந்து நன்மை என்று எடுத்துக்கொள்ள ஒரு இலைகூட மிச்சம் வைக்கவில்லை.

வெளியே வந்ததும் நடைவழியில் ஆரம்பித்தோம்.

"ஆக்கிப் போட்டே கொன்னுட்டே" என்றேன்.

"நான் ஆக்குனேன். எட்டு, ஒம்போதுன்னு ஊர் பூரா தமுக்கடிச்சது யாரு? சோத்துல பருக்கை எண்ணுற மனுஷன், தட்டுல என்ன இருக்குன்னு பாக்கலையா?"

"அடுப்படி உன் வேலை."

"எண்ணுறது உங்க வேலை. தேதி தள்ளிப் போச்சே, அதை எண்ணுனீங்களா?"

துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க் குடும்பம் எங்களை மாறி மாறிப் பார்த்தது.  பதிலுக்கு, என் மனைவியின் அம்மா குடும்பத்தில் யாருக்கும் புத்தி கிடையாது என்றேன். எதிரே வார்டின் கதவு சாத்தப்படவில்லை. உள்ளே கட்டிலில் மகன் இடது கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தான். எங்களை அழைக்கிறானா, விரட்டுகிறானா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் உள்ளே போனோம். விரட்டியிருக்கிறான்.

வரிசையிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். மூளையில் அவ்வளவு பெரிய சேதம், வலது கை கால் விளங்கவில்லை, உடம்பில் எதிர்ப்புப் பொருள் வேறு. ஒரு இதயம் கிடைப்பதே அபூர்வம், அதை இன்னும் நன்றாக வாழக்கூடியவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றாள் டாக்டர். நானும் பெரட்டில் ஆள் பிரித்தவன்தான். எனக்கு விளங்கியது. மகனிடம் அவளே சொன்னாள். அவன் பேச்சில் மூன்று நான்கு வார்த்தைகள்தான் மிச்சம். அதில் ஒன்று, "சரி".

இனி அந்தப் பம்பே அவனுக்கு நிரந்தரம். அது ஓடுகிற வரை ஓடும். குடலில் மெல்லிய குழாய்கள் முளைத்துக்கொண்டே இருக்கும், வால்வு ஒட்டிக்கொண்டே இருக்கும், இதயத்தின் வலது பக்கம் தளர்ந்துகொண்டே இருக்கும்.

என் மனைவி டாக்டரிடம் கடைசியாக ஒன்று கேட்டாள். அழாமல்தான் கேட்டாள்.

"அப்படின்னா இனிமே ரத்தம் ஏத்தலாம்தானே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஏத்தலாம், ஆன்ட்டி. இனிமே தடை இல்ல."

வீட்டுக்கு வந்த இரண்டு மாதத்தில் மறுபடியும் கசிந்தது. பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தோம். அன்று மத்தியானமே இரண்டு பை ஏற்றினார்கள். மறுநாள் காலையில் அவன் உதட்டில் நிறம் வந்திருந்தது. கன்னத்திலும் வந்திருந்தது. மூச்சு வாங்கவில்லை. அவ்வளவு நாளாக நாங்கள் ரத்தத்துக்குப் பட்டினி போட்டு வைத்திருந்த உடம்பு அது. லயத்திலிருந்து வேன் பிடித்து ஒரு கூட்டம் பார்க்க வந்தது. கட்டிலைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள்.

"புள்ள தேறிட்டான், கிராணி ஐயா! முகத்துல என்னா களை! அடுத்த வருஷம் புது இதயமும் வந்துரும் லா, நீங்க வேணா பாருங்க!"

ஆமாம் என்றேன். மகன் என்னைப் பார்த்தான். பாதி முகத்தால் சிரித்தான். என் மனைவி போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. வார்டு மிஸ்ஸி வந்து காலிப் பையைக் கழற்றிவிட்டு மூன்றாவதை மாட்டினாள். முன்பெல்லாம் இந்த இடத்தில் கோலாலம்பூருக்குப் போன் போகும், டாக்டர்கள் கூடிப் பேசுவார்கள், நாங்கள் நடைவழியில் காத்திருப்போம். மிஸ்ஸி யாரையும் கேட்கவில்லை. சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.